விரலுக்குள் இரண்டு நாண்: லியோனார்டோ டா வின்சியின் தாள்கள்

ஒரு கையை மேசைமேல் உள்ளங்கை மேலே தெரிய வையுங்கள். நடுவிரலை விட்டுவிட்டு மற்ற மூன்று விரல்களையும் இன்னொரு கையால் நீட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவிரலை மட்டும் மடக்கிப் பாருங்கள். நடு மூட்டு மடங்கும். நுனி மூட்டு துவண்டு கிடக்கும். யாராவது தட்டினால் ஆடும். விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் இருப்பதுதான் காரணம். மேல் நாண் விரலின் நடு எலும்போடு நின்றுவிடுகிறது. ஆழ் நாண் நுனி எலும்புவரை போகிறது. அடியில் கிடக்கும் நாண், மேலே கிடக்கும் நாணைத் தாண்டி எப்படி நுனிக்குப் போகும்? மேல் நாண் இரண்டாகப் பிளந்து வழிவிடுகிறது. அந்தப் பிளவுக்குள் நுழைந்துதான் ஆழ் நாண் முன்னால் போகிறது.

இதை லியோனார்டோ டா வின்சி 1510-ஐ ஒட்டிய குளிர்காலத்தில் அறுத்துப் பார்த்து, பேனாவால் வரைந்து வைத்தார். வேலூர்க்காரர்களுக்கு இந்தப் பிளவு தூரத்து விஷயம் இல்லை. 1948-இல் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கியபோது, முதலில் கைவைத்தது இதே மேல் நாணில்தான். முழங்கைக்கு அருகே ஓடும் அல்நார் நரம்பு கெட்டால் கைக்குள்ளிருக்கும் சிறு தசைகள் செயலிழக்கும். விரலின் அடி மூட்டு பின்னுக்கு வளையும், மற்ற இரண்டு மூட்டுகளும் மடங்கிக்கொள்ளும். கையால் ஒரு தம்ளரைக்கூடச் சுற்றிப் பிடிக்க முடியாது. சிகிச்சை இதுதான்: ஒரு விரலின் மேல் நாணை அதன் முடிவிடத்தில் விடுவித்து, நான்கு கீற்றாகப் பிரித்து, உள்ளங்கை வழியாக ஒவ்வொரு விரலின் பக்கவாட்டுக்கும் கொண்டுபோய், விரலை நீட்டும் நாண்விரிப்போடு தைத்துவிடுவது. மேல் நாணை எடுத்த விரல் முடங்காதா? முடங்காது. ஆழ் நாண் இருக்கிறது, அது ஒன்றே அந்த விரலை மடக்கிவிடும். பிறகு சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு, அதன்பின் பழைய வேலையை மறந்து புது வேலையைச் செய்ய அந்தத் தசைக்குப் பயிற்சி. பயிற்சியை விட்டால் தைத்த நாண் ஒட்டிப்போய் அசையாது. பால் பிராண்ட் பின்னர் மணிக்கட்டுத் தசையையே நாண் ஒட்டுகளால் நீட்டிப் பயன்படுத்தும் முறைக்கு மாறினார். அது வேறு கதை.

லியோனார்டோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓவியர், சிற்பி, பொறியாளர், உடற்கூற்றறிஞர், இசைக்கலைஞர் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எனக்கு அந்த அடுக்கில் நம்பிக்கை இல்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு வேலைமுறை. எதையும் அறுத்துப் பார்ப்பது, அடுக்கடுக்காகப் பிரித்து வரைவது, சந்தேகம் வந்தால் மாதிரி செய்து சோதிப்பது. அந்த முறையைக் கடைசிவரை கொண்டுபோன இடங்களில் அவர் செய்தது 500 வருடம் கழித்தும் சரியாக நிற்கிறது. சோதனையைப் பாதியில் விட்ட இடங்களில் அவர் கண்ணெதிரிலேயே உதிர்ந்தது.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1452 ஏப்ரல் 15, ஃபிளாரன்ஸுக்கு மேற்கே வின்சி என்ற ஊர்ப்பக்கம் பிறப்பு. தந்தை பத்திரம் எழுதும் நொட்டேரி, தாய் கத்தெரீனா. இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. அதனால் தந்தையின் தொழிலுக்குள் நுழைய வழியில்லை, லத்தீன் பள்ளிப்படிப்பும் இல்லை. பதினான்கு வயதை ஒட்டி ஃபிளாரன்ஸில் சிற்பியும் ஓவியருமான வெரோக்கியோவின் பட்டறையில் சேர்ந்தார். அங்கே வண்ணம் அரைப்பதும், மரப்பலகைக்கு மேற்பூச்சுப் பூசுவதும், வெண்கலம் வார்ப்பதும், செப்புத் தகடு பற்றவைப்பதும் ஒரே கூரைக்குக் கீழே நடந்தன. 1471-இல் ஃபிளாரன்ஸ் பேராலயக் குவிமாடத்தின் உச்சியில் ஏற்றிய பொன்முலாம் பூசிய செப்புக் கோளம், சுமார் 2 டன், அந்தப் பட்டறை செய்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகும் அந்தக் கோளத்தைப் பற்றவைத்த விதத்தை நினைவில் கொள் என்று லியோனார்டோ தமக்கே குறிப்பு எழுதிக்கொண்டார். அவருடைய கல்லூரி எது என்று கேட்டால் நான் அந்தக் கோளத்தைத்தான் காட்டுவேன். 1482-ஐ ஒட்டி மிலான் போனார். அதன்பின் ஃபிளாரன்ஸ், மறுபடி மிலான், ரோம். 1516-இல் பிரான்ஸ் அரசரின் அழைப்பில் அம்புவாஸ் போய், 1519 மே 2 அங்கேயே இறந்தார். முடிந்த ஓவியங்கள் இருபதுக்குள்தான். ஆனால் குறிப்புத் தாள்கள் இன்று மிஞ்சியிருப்பவை மட்டுமே 7000 பக்கங்களுக்கு மேல்.

அந்தத் தாள்களைப் புரிந்துகொள்ள நல்ல வழி, அவர் எழுதிய மையையே காய்ச்சி எழுதிப் பார்ப்பது. நம் ஊரில் அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஐரோப்பாவில் ஓக் மரத்தில் பூச்சி கடித்து உண்டாகும் காயையும் இரும்பு சல்பேட்டையும் மரப்பிசினையும் கலந்து மை செய்தார்கள். அந்தக் காய்தான் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காய். இரும்பு சல்பேட் என்பது அன்னபேதி. பிசினுக்குக் கருவேலம் பிசின். வேலூர் லாங்கு பஜார் பக்கம் போனால் மூன்றையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

அளவு: மாசிக்காய் 30 கிராம், அன்னபேதி 20 கிராம், பிசின் 10 கிராம், தண்ணீர் 300 மில்லி. வேலூர் போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பும் சுண்ணாம்பும் இரும்பைக் கசடாக அடியில் தள்ளிவிடும். மழைநீரோ கேன் தண்ணீரோ நல்லது. மாசிக்காயை மாவாக்காமல் ஒன்றிரண்டாக இடித்து, கண்ணாடி ஜாடியிலோ மண்பாத்திரத்திலோ மூன்று நாள் ஊறவிடுங்கள். இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் ஊறும்போதே கறுத்து அளவு கெட்டுப்போகும். மெல்லிய துணியில் வடிகட்டி, அன்னபேதியைப் போட்டுக் கலக்குங்கள். வெந்நீரில் தனியே கரைத்து வைத்த பிசினைக் கடைசியில் சேர்க்க வேண்டும். பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு கிராம்பு போட்டு மூடிவையுங்கள். அன்னபேதி வாங்கும்போது வெளிர்பச்சைப் படிகமாக இருக்கிறதா பாருங்கள். மஞ்சள் பழுப்பாக மாறியிருந்தால் அது காற்றுப்பட்டுத் துருவேறிய சரக்கு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துணியில் பட்டால் கறை போகாது, குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

எழுதியவுடன் இந்த மை வெளிறித்தான் தெரியும். காற்றுப்பட்டு ஒரு நாளில் கருக்கும். அன்னபேதி கூடினால் சில வருடத்தில் எழுத்து இருக்கும் இடத்தில் தாளே அரித்து ஓட்டை விழும், பிசின் குறைந்தால் தாளில் ஊறிப் பரவும், கூடினால் பேனா இழுக்காது. லியோனார்டோவின் எழுத்து இன்று பழுப்பாகத் தெரிவது இந்த மை வயதானதால்தான். எஃகு நிப்பு இந்த மையில் துருப்பிடித்துவிடும். மூங்கில் குச்சியைச் சீவிக்கொள்வது நல்லது. அவர் பயன்படுத்தியது வாத்து இறகு. மாசிக்காய்க்குப் பதில் கடுக்காய் போட்டாலும் மை வரும், சாயல் கொஞ்சம் மாறும். ஜவ்வாது மலைக் கடுக்காயும் ஆவாரம் பட்டையும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் தொழிலுக்குப் பழைய சரக்குகள். தோலைப் பதப்படுத்தும் அதே துவர்ப்புத்தான் இரும்போடு சேர்ந்தால் மையாகிறது.

இந்த மை காய நேரமாகும் என்பது எழுதும்போது தெரியும். லியோனார்டோ இடக்கையர். இடமிருந்து வலமாக எழுதினால் ஈர எழுத்தின்மேல் கை உரசும். அவர் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி எழுதினார். ரகசியம் காக்க என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கண்ணாடித் துண்டு உள்ள யாரும் படித்துவிடலாமே. அவருடைய ஓவியத்தில் நிழல் காட்டப் போடும் கோடுகளும் மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கமாகச் சரியும். வலக்கையருக்கு அது எதிர்ச்சாய்வு. ஒரு வரைபடம் அவருடையதா, சீடருடையதா என்று பார்க்கிறவர்கள் முதலில் இந்தச் சாய்வைத்தான் தேடுவார்கள்.

இப்போது கைக்கு வருவோம். பிணத்தைக் கெடாமல் வைக்கும் மருந்து அன்று இல்லை. குளிர்காலத்தில்தான் வேலை, அதுவும் சில நாள்தான். ஒரே உடலில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. நரம்பைப் பார்க்க வேண்டுமானால் தசையை அகற்ற வேண்டும், இரத்தக்குழாயைப் பார்க்கும்போது நரம்பு அறுந்துபோகும். அதனால் ஒரு உறுப்பை அறியப் பல உடல்கள் தேவைப்பட்டன. மொத்தம் முப்பது உடல்களுக்கு மேல் அறுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1507-08 குளிர்காலத்தில் ஃபிளாரன்ஸ் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் நூறு வயது கடந்த ஒரு முதியவர் நோவில்லாமல் இறந்தார். அவரை அறுத்து, இதயத்துக்குப் போகும் குழாய் தடித்துச் சுருங்கியிருந்ததையும் ஈரல் வற்றியிருந்ததையும் எழுதி வைத்தார்.

வரைவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் எலும்பு மட்டும், பல பக்கங்களிலிருந்து. பிறகு எலும்புகளைச் சற்றே விலக்கி, மூட்டு எப்படிப் பொருந்துகிறது என்று காட்டுவது. அதன்மேல் நாண்கள், தசை ஒவ்வொரு அடுக்காக, நரம்பு, இரத்தக்குழாய், கடைசியில் தோலோடு முழுக் கை. தோள்பட்டையை ஆளே சுற்றி வருவதுபோல எட்டுக் கோணங்களில் வரைந்திருக்கிறார். தசை கனமாக இருந்து அடியில் உள்ளதை மறைக்கும்போது தசைக்குப் பதில் அது இழுக்கும் திசையில் வெறும் கயிறாக வரைந்துவிடுவார். இந்த உத்தி எனக்கு மிகப் பிடிக்கும். தசையின் உருவத்தை விட்டுவிட்டு அது செய்யும் வேலையை மட்டும் தாளில் வைக்கிறார்.

இதயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். 1513-ஐ ஒட்டிய காலம். மாட்டு இதயத்தை எடுத்து, பெருந்தமனி தொடங்கும் இடத்தில் உருக்கிய மெழுகை ஊற்றி உறையவிட்டால் உள்வடிவம் கிடைக்கும். அந்த மெழுகிலிருந்து அச்செடுத்து, கண்ணாடியில் அதே வடிவம் செய்து, அதற்குள் புல்விதை கலந்த தண்ணீரை ஓட்டிப் பார்ப்பது அவருடைய திட்டம். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, விதை தெரியும். விதை கனமாயிருந்தால் அடியில் தங்கும், காய்ந்திருந்தால் மிதக்கும். தண்ணீரோடு தண்ணீராகப் போகும் அளவுக்கு ஊறியிருந்தால்தான் சுழல் தெரியும். அந்த இடத்தைப் பற்றி அவர் எழுதி வைத்தது இது: வால்வின் மூன்று இதழ்களுக்குப் பின்னால் சுவரில் மூன்று சிறு புடைப்புகள் உள்ளன. வெளியேறும் இரத்தத்தின் ஓரங்கள் அந்தப் புடைப்புகளுக்குள் திரும்பிச் சுழல்கின்றன. அந்தச் சுழல்தான் இதழ்களைப் பின்னாலிருந்து விரித்து வால்வை மூட உதவுகிறது. இரத்தம் பின்னோக்கி வந்து இடித்து மூடுவது மட்டும் என்றால் இதழ் கசங்கிச் சுருளும் என்று வாதிட்டார். 1960களில் ஆக்ஸ்ஃபோர்டில் மாதிரி வால்வுகளை வைத்துச் சோதித்தபோது இந்தச் சுழலின் பங்கு உறுதியானது.

இவ்வளவு பார்த்தவர் இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடிக்கவில்லை. இரத்தத்தைச் சூடாக்குவதுதான் இதயத்தின் வேலை என்ற பழைய நூல்களின் கருத்தை அவரால் முழுக்க உதற முடியவில்லை. இரத்தம் சுற்றி வருகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628-இல்தான் அச்சிட்டார். கருப்பையில் குழந்தை இருக்கும் லியோனார்டோவின் புகழ்பெற்ற படத்திலும் நச்சுக்கொடி மாட்டினுடையது. கையில் கிடைத்தது மாடு, அதை மனிதருக்குப் பொருத்திவிட்டார். பறக்கும் கருவியிலும் ஆரம்பத்தில் மனிதத் தசையின் பலத்தை நம்பி இறக்கையடிக்கும் பொறிகளை வரைந்தார். பறவையின் மார்புத்தசை உடலளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரியது என்று பார்த்த பிறகு, 1505 வாக்கில் காற்றில் மிதந்து போவதைப் படிக்கத் தொடங்கினார்.

தண்ணீர் விஷயம் பாலாற்றுக் கரைக்காரர்களுக்கு உடனே புரியும். 1503-04-இல் ஃபிளாரன்ஸுக்கும் பீசாவுக்கும் போர். ஆர்னோ ஆற்றைத் திருப்பிவிட்டால் பீசாவுக்குக் கடல்வழி அற்றுப்போகும் என்று திட்டம். ஃபிளாரன்ஸ் அரசு அதிகாரி மாக்கியவெல்லி அதற்கு ஆதரவு, லியோனார்டோ அளவெடுத்துக் கணக்குப் போட்டார். வேலையை நடத்தியது வேறொருவர். அவர் ஆழத்தைக் குறைத்து இரண்டு வாய்க்கால் வெட்டினார். வாய்க்காலின் தரை ஆற்றின் தரையைவிட மேடாக நின்றது. வெள்ளம் வரும்போது மட்டும் தண்ணீர் ஏறியது, வெள்ளம் வடிந்ததும் ஆற்றுக்கே திரும்பியது. 1504 அக்டோபரில் புயல் வந்து கரைகள் சரிந்து வேலை நின்றது.

நம் பக்கத்தில் இந்தச் சிக்கலுக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, வாலாஜாவுக்கு அருகே பாலாற்று அணைக்கட்டு: தண்ணீர் மட்டத்தை முதலில் உயர்த்தி, பிறகு மதகு வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் மகேந்திரவாடி ஏரிக்கும் விடுவது. இன்னொன்று ஊற்றுக்கால். ஆற்றுமணலை ஆழமாக வெட்டி ஊற்றைப் பிடித்து, ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் வாய்க்காலை ஓட்டினால், கொஞ்ச தூரத்தில் வாய்க்கால் தானாகவே கரைமட்டத்துக்கு வந்துவிடும். சரிவு கூடினால் மட்டம் கிடைக்காது, மிகக் குறைந்தால் மணல் தங்கும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தூர்வார வேண்டும். ஆர்னோவில் கெட்டதும் இந்த மட்டக் கணக்குத்தான்.

மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராத்சியே மடத்து உணவுக்கூடச் சுவரில் இருக்கும் இறுதி இராவுணவு ஓவியத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் வருத்தம் வரும். 4.6 மீட்டர் உயரம், 8.8 மீட்டர் அகலம். 1495 முதல் 1498 வரை வரைந்தது. சுவரோவியத்தின் உறுதியான வழி ஈரச் சுண்ணாம்பில் வரைவது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக் கல்லாகும்போது வண்ணமும் அதற்குள் கட்டிப்போகும். ஆனால் அன்று பூசிய பரப்பை அன்றே முடித்தாக வேண்டும், பிறகு திருத்த முடியாது. லியோனார்டோவுக்கு அது ஒத்துவராது. ஒரு நாள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வரைவார், இன்னொரு நாள் வந்து பார்த்துவிட்டு ஒரு தீற்றலோடு போய்விடுவார். அதனால் காய்ந்த சுவரில் வெள்ளைப் பூச்சுப் பூசி, முட்டையும் எண்ணெயும் சேர்த்த வண்ணத்தில் பலகையில் வரைவதுபோல வரைந்தார். சுவரின் ஈரம் உள்ளிருந்து வந்தபோது பூச்சு சுவரைவிட்டுக் கழன்றது. 1517-இலேயே பார்த்தவர் அது கெடத் தொடங்கிவிட்டதை எழுதியிருக்கிறார். 1652-இல் அதில் ஒரு கதவு வேறு வெட்டி இயேசுவின் பாதத்தை அழித்தார்கள். கடைசிப் பெரிய சீரமைப்பு 1978-இல் தொடங்கி 1999-இல் முடிந்தது. வண்ணத்தையும் பூச்சையும் ஒரு சிறு சுவரில் இரண்டு மழைக்காலம் விட்டுப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். இதயத்துக்குக் கண்ணாடியில் மாதிரி செய்யத் திட்டமிட்டவருக்கு இது சின்ன வேலை. ஆம்பூர் அருகே மலையாம்பட்டில் ஆர்மாமலைக் குகையில் சமணர் காலத்து ஓவியத் துணுக்குகள் சுண்ணாம்பின்மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்குச் சுவரும் ஈரமும் வண்ணமும் என்ன உறவு என்று சொல்லத் தேவையில்லை.

மரப்பலகையில் அதே பொறுமை வெற்றியானது. மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலமுள்ள பாப்ளர் பலகை. முகத்தின் நிழலை எக்ஸ்-கதிரால் அளந்தபோது, ஒவ்வொரு மேற்பூச்சும் ஓரிரு மைக்ரோமீட்டர் தடிமன், எல்லாம் சேர்ந்து 30 முதல் 40 மைக்ரோமீட்டர் என்று 2010-இல் தெரியவந்தது. எண்ணெய்ப் பூச்சு ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மேல் பூச்சு வெடிக்கும்.

1517-இல் அம்புவாஸில் அவரைச் சந்தித்தவர், வலக்கை முடங்கியிருந்தது, ஆனாலும் வரையவும் கற்பிக்கவும் செய்கிறார் என்று எழுதியிருக்கிறார். நெடுங்காலம் அதைப் பக்கவாதம் என்றார்கள். 2019-இல் இத்தாலிய மருத்துவர் இருவர், பதினாறாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் துணிமடிப்பிலிருந்து வெளியே தெரியும் அவருடைய வலக்கை விரல்களின் மடிப்பைப் பார்த்து, அல்நார் நரம்பு கெட்டதால் வந்த முடக்கமாக இருக்கலாம் என்றார்கள். வேலூர் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் சி.எம்.சி.யிலும் கைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் தினமும் பார்க்கும் அதே மடிப்பு.

தாள்களெல்லாம் சீடர் மெல்ஸிக்குப் போயின. மெல்ஸி இறந்த பிறகு சிதறின. சிலவற்றை வெட்டி ஒட்டினார்கள். உடற்கூற்றுத் தாள்கள் இங்கிலாந்து அரசர்களிடம் போய் விண்ட்சரில் தங்கிவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அவை முறையாக அச்சேறத் தொடங்கின. அதற்குள் உடற்கூற்றறிஞர் வெசாலியஸின் 1543 நூலிலிருந்து தொடங்கி உலகம் கையை வேறு வழியில் கற்றுக்கொண்டுவிட்டது.

இன்று அந்தத் தாள்களை அரச சேகரிப்பின் இணையதளத்தில் பெரிய அளவில் இலவசமாகப் பார்க்கலாம். கைப்படங்கள் உள்ள தாள் ஏ4-ஐவிடச் சற்றுச் சிறியது, அதனால் உண்மையான அளவிலேயே அச்செடுக்கலாம். அச்சு அமைப்பில் பக்கத்துக்குப் பொருத்து என்பதை எடுத்துவிடுங்கள். வரைந்து பார்க்க விரும்பினால் எலும்புப் படத்தில் தொடங்குங்கள். கருப்புச் சாக்குக்கட்டியால் மெல்லிய கோடு போட்டு, அதன்மேல் மாசிக்காய் மை. நிழலுக்கு அதே மையில் தண்ணீர் கலந்து தூரிகை. நாண் படத்துக்கு வரும்போது விரலின் அடி எலும்புக்கு நேராக அந்தப் பிளவைத் தேடுங்கள். சிறிதாகத்தான் இருக்கும்.